நாணயம் போனால் தூதும் போகும்

(ஏற்காட்டில் நடைபெற்ற இளைஞர் மற்றும் வணிகர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இந்த மலைக்கு வந்திருக்கிறீர்கள். நேற்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது சிலர் முகம் வெளுத்திருந்தது. இன்று சுபுஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் பனி. எல்லோர் கையிலும் ஆவி பறக்கும் காப்பி. அந்தக் காப்பியிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.

இந்தச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடி 1820-களில் வந்தது. அப்போது சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்தார் என்பார்கள். அவரை 'ஏற்காட்டின் தந்தை' என்றே இங்கு சொல்கிறார்கள். சரி, அவருக்கு முன்னால் காப்பி எங்கே இருந்தது? அபிசீனியக் காட்டில் பிறந்த செடி அது. 15-ஆம் நூற்றாண்டில் எமன் நாட்டு சூஃபிகள் இரவெல்லாம் விழித்திருந்து திக்ர் செய்வதற்காக அதன் கஷாயத்தைக் குடித்தார்கள். 'கஹ்வா' என்ற அரபுச் சொல்தான் துருக்கியர் வாயிலும் ஐரோப்பியர் வாயிலும் உருண்டு திரண்டு கடைசியில் நம் ஊரில் 'காப்பி' ஆயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குப் போன பாபா புதன் என்ற பெரியவர் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது கர்நாடக மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

உங்கள் கையிலிருக்கும் ஒரு டம்ளரில் எத்தனை தேசம் என்று எண்ணிப் பாருங்கள்! அபிசீனியா, எமன், கர்நாடகம், இங்கிலாந்து, கடைசியில் இந்த மலையில் பழம் பறிக்கும் ஏழைத் தாய்மார்களின் வியர்வை.

நேற்று இரவு இரண்டு பேர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். ஒருவர் கல்லூரி மாணவர். "ஹஜ்ரத், நம்மை வந்தேறி மாதிரிப் பேசுகிறார்கள். நாம் இந்த மண்ணோடு கலந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?" என்றார். இன்னொருவர் கடை வைத்திருப்பவர். அவர் சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத், சரித்திரம் சோறு போடுமா? நாளைக்குக் கடை திறந்தால் எனக்குக் கடன்காரன்தான் வருவான்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. 'நாணயம்' என்ற சொல்லில் அது அடங்கியிருக்கிறது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். கையிலிருக்கும் காசும் நாணயம். மனிதனிடம் இருக்கவேண்டிய நேர்மையும் நாணயம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோர்கள் பெரிய வியாபாரிகளாக இருந்திருக்க வேண்டும்!

பனி நாட்டில் கலிமா பொறித்த காசு

முதலில் உங்களை மிகத் தொலைவுக்கு அழைத்துச் செல்கிறேன். ஐரோப்பாவின் வடகோடியில் சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்த கடலோடிகளை வைகிங்குகள் என்பார்கள். ஊர்களைக் கொள்ளையடித்தவர்கள், மடாலயங்களை எரித்தவர்கள் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அது உண்மை. ஆனால் அதே வைகிங்குகள் வியாபாரிகளாகவும் இருந்தார்கள். கிழக்கே ரஷ்யாவின் ஆறுகளில் படகு விட்டு இறங்கி, முஸ்லிம் நாடுகளின் சந்தைகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். அவர்களை அரபுகள் 'ரூஸ்' என்று அழைத்தார்கள்.

1999-ல் சுவீடனைச் சேர்ந்த காட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில், மண்ணுக்கடியிலிருந்து ஒரு புதையல் கிடைத்தது. 67 கிலோ வெள்ளி! அதில் 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை என்ன நாணயம் தெரியுமா? திர்ஹம்! பக்தாத் கலீஃபாக்களின் ஆட்சிப் பரப்பில் அச்சடிக்கப்பட்டவை. அல்லாஹ்வின் ஏகத்துவத்தைச் சொல்லும் வாசகம் பொறித்தவை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அதைப் பொன்போலப் பாதுகாத்துப் புதைத்து வைத்தார்கள். இதுபோல் பல பத்தாயிரம் திர்ஹம்கள் அந்த நாடுகளில் கிடைத்திருக்கின்றன. சமர்கந்த், புகாரா என்று அவை அச்சடிக்கப்பட்ட ஊரின் பெயர் அவற்றிலேயே இருக்கிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவன் ஏன் அந்தக் காசை நம்பினான்? ஏனென்றால் அதில் வெள்ளி சரியாக இருந்தது. வைகிங் வியாபாரி யாரையும் சும்மா நம்பிவிடுபவன் அல்ல. காசைக் கையில் வாங்கியதும் கத்தி முனையால் லேசாகக் குத்திப் பார்ப்பான். வளைத்துப் பார்ப்பான். மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு என்று இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அப்படிக் குத்திய தழும்புகள் இன்றும் அந்த நாணயங்களில் இருக்கின்றன. பிறகு மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னத் தராசை எடுத்து நிறுப்பான். அந்தத் தராசும் படிக்கல்லும்கூட முஸ்லிம் நாடுகளின் சந்தையிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

சகோதரர்களே, நம் காசும் நம் தராசும்தான் அங்கே முதலில் போய்ச் சேர்ந்தன. புத்தகம் போகாத இடத்துக்கு, பிரச்சாரகர் போகாத இடத்துக்கு, சரியான எடை போனது.

ஆனால் எதையும் மறைத்துப் பேசக்கூடாது. வைகிங்குகள் கொண்டுவந்து விற்றது விலங்குத் தோலும் தேனும் மெழுகும் வாளும் மட்டுமல்ல, மனிதர்களையும் விற்றார்கள். பிடித்துவந்த ஆண்களையும் பெண்களையும் சந்தையில் நிறுத்தினார்கள். வாங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அந்த 67 கிலோ வெள்ளியில் யாருடைய கண்ணீரின் விலையும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

நாலாயிரம் தீனாரும் ஒற்றை இகாமத்தும்

இப்போது ஒரு தூதுக்குழுவின் கதை. வோல்கா ஆற்றங்கரையில், இன்றைய ரஷ்யாவின் தாதாரிஸ்தான் பகுதியில், பல்கார் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய அரசர் அல்மிஷ் இஸ்லாத்தை ஏற்றிருந்தார். பக்தாத் கலீஃபா முக்ததிருக்குக் கடிதம் எழுதினார். மார்க்கம் கற்றுத்தர ஆள் வேண்டும், பள்ளிவாசல் கட்ட உதவி வேண்டும், எதிரிகளிடமிருந்து மக்களைக் காக்கக் கோட்டை கட்டப் பணம் வேண்டும் என்று கேட்டார். கலீஃபா ஒப்புக்கொண்டார். 921 ஜூன் மாதம் தூதுக்குழு பக்தாதிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவர்தான் இப்னு ஃபள்லான். பாலைவனம், பனிப்புயல், உறைந்த ஆறுகள் எல்லாம் தாண்டி 922 மே மாதம் போய்ச் சேர்ந்தார்கள்.

கோட்டைக்காக வாக்களித்த தொகை நாலாயிரம் தீனார். ஒரு பண்ணையின் வருமானத்திலிருந்து வழியில் அதை வசூலித்து எடுத்துப் போக வேண்டும். ஆனால் அதிகாரிகளின் சூழ்ச்சியால் பணம் கைக்கு வரவில்லை. "பணம் இல்லாமல் போனால் அரசர் கேட்பாரே" என்று இப்னு ஃபள்லான் தம் கூட்டாளிகளை எச்சரித்தார். "கேட்கமாட்டார், வாருங்கள்" என்று அவர்கள் அலட்சியமாகப் பேசினார்கள். கடிதம் போயிற்று, பரிசுப் பட்டாடை போயிற்று. பணம் போகவில்லை.

அங்கே முஅத்தின் இகாமத்தை இரட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்னு ஃபள்லான் அதைத் திருத்தினார். கலீஃபாவின் நாட்டில் ஒற்றையாகத்தான் சொல்கிறார்கள் என்றார். அரசரும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு அப்படியே மாற்றச் சொன்னார்.

பிறகு அரசர் பணத்தைக் கேட்டார். இல்லை என்று தெரிந்தது. உடனே முஅத்தினைக் கூப்பிட்டு, மறுபடி இரட்டையாகவே சொல் என்று உத்தரவிட்டார்! இப்னு ஃபள்லான் சத்தம் போட்டுத் தடுத்தார். அப்போது அரசர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். ஒற்றை இகாமத் சொன்னாலும் இரட்டை சொன்னாலும் தொழுகை கூடுமா? கூடும். இதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்தா, கருத்து வேறுபாடா? ஒருமித்த கருத்துதான். சரி, முற்றுகையில் சிக்கிய பலவீனமான மக்களுக்காக ஒருவர் பணம் கொடுத்தனுப்பி, கொண்டுவந்தவர்கள் மோசம் செய்தால் அது கூடுமா? கூடாது, அவர்கள் கெட்டவர்கள். இதில் ஒருமித்த கருத்தா, வேறுபாடா? ஒருமித்த கருத்து!

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இந்த உரையாடல் இன்று காலை நம் ஊர் பள்ளிவாசல் வராந்தாவில் நடந்தது போல இல்லையா? ஒற்றை இகாமத்தா, இரட்டை இகாமத்தா என்று நாம் ஊரைப் பிரித்தோம். ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல் கட்டினோம். சம்பந்தம் செய்த குடும்பங்கள் முகம் பார்க்காமல் போயின. ஆனால் வாக்குக் கொடுத்த பணம் எங்கே என்ற கேள்வியில் மட்டும் எந்த மத்ஹபும் கருத்து வேறுபடவில்லை. எந்த அமைப்பும் வேறுபடவில்லை. வேறுபாடு இல்லாத அந்த ஒரு விஷயத்தில்தான் நாம் அதிகமாகத் தவறுகிறோம்!

அந்த அரசர் கடைசியில் சொன்னதன் சாரம் இதுதான்: கலீஃபாவின் படை இத்தனை தொலைவுக்கு வர முடியாது, இருந்தும் நான் அவருக்கு அஞ்சுகிறேன். அவருடைய உப்பைத் தின்கிற நீங்கள் அவரையே ஏமாற்றுகிறீர்கள். நேர்மையான ஒருவர் வந்து மார்க்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். இப்னு ஃபள்லானே இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வைத்தார். தம் தோல்வியைத் தாமே பதிவு செய்த அந்த நேர்மைக்கு அல்லாஹ் கூலி கொடுப்பானாக! அதனால்தான் போலும், பிற்பாடு அதே அரசர் அவரை மட்டும் 'அபூபக்ர் சித்தீக்' என்று அழைத்துப் பெருமைப்படுத்தினார். உண்மையாளர் என்று பொருள்.

அந்த ஆற்றங்கரையில்தான் இப்னு ஃபள்லான் வைகிங்குகளைக் கண்ணால் பார்த்தார். பேரீச்ச மரம் போன்ற உடல்வாகு என்று வியந்தார். அவர்களுடைய சுத்தமின்மையைக் கண்டு முகம் சுளித்தார். இறந்த தலைவனைக் கப்பலோடு வைத்து எரித்ததையும், அவனோடு ஓர் அடிமைப் பெண்ணைக் கொன்றதையும் நேரில் பார்த்து எழுதினார். பக்கத்தில் நின்ற ஒரு வைகிங், "நேசித்தவரை மண்ணில் புதைத்துப் புழுவுக்குக் கொடுக்கிறீர்களே" என்ற கருத்தில் அரபுகளைக் கேலி செய்தான். அதையும் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு அப்படியே எழுதினார். பிடிக்காதவனின் பேச்சையும் திரிக்காமல் எழுதிய அந்த நூல்தான் இன்று ஐரோப்பியர்களே தம் முன்னோரைப் பற்றி அறிய நாடும் முக்கிய ஆவணம்.

காயலில் இறங்கிய குதிரைகள்

இது எங்கோ பனி நாட்டுக் கதைதானே என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வாருங்கள்.

13-ஆம் நூற்றாண்டு. மதுரையில் பாண்டியர் ஆட்சி. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே காயல் துறைமுகம். 1290-களில் அங்கு வந்த மார்க்கோ போலோ அதைப் பெரிய, சிறந்த நகரம் என்று எழுதினார். ஹுர்முஸ், கைஸ், ஏடன் என்று மேற்கிலிருந்து வந்த கப்பல்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு அங்கே வந்து நின்றன. தமிழ்நாட்டில் நல்ல போர்க்குதிரை பிறப்பதில்லை. பாண்டியருக்குப் படை வேண்டும். படைக்குக் குதிரை வேண்டும்.

பாரசீக வளைகுடாவில் கைஸ் என்ற சிறு தீவு. அதன் அதிபதி ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபி. 'மலிக்குல் இஸ்லாம்' என்ற பட்டம் பெற்ற பெரும் வியாபாரி. அவர் தம்முடைய குதிரைகளில் 1,400-ஐ ஆண்டுதோறும் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். வழியில் கடலில் குதிரை இறந்துபோனாலும் அரசுக் கருவூலம் அதற்கு விலை கொடுக்கும் என்பது ஒப்பந்தம். சற்று யோசியுங்கள்! இறந்த குதிரைக்குப் பணம். உயிரோடு ஏற்றினோம், வழியில் இறந்தது என்று வியாபாரி சொன்னால் மதுரை அரசு நம்பியது. நேரில் பார்க்காத குதிரைக்குக் காசு கொடுத்தது. இதைவிடப் பெரிய தூதர் பதவி ஒரு வியாபாரிக்கு உண்டா?

ஜமாலுத்தீனின் தம்பி தகிய்யுத்தீன் அப்துர் ரஹ்மான். இவர் பாண்டிய அரசவையில் அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தார். வஸ்ஸாஃப் அந்த அரசரைச் சுந்தர பாண்டியன் என்று குறிப்பிடுகிறார். காயல் உள்பட மூன்று துறைமுகங்கள் தகிய்யுத்தீன் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. மாணவச் சகோதரரே, நீங்கள் கேட்ட ஆதாரம் இது. டில்லியிலிருந்து ஒரு படைவீரன்கூட தமிழ்நாட்டில் கால் வைக்காத காலம் அது. வாளைக் கொண்டுவந்து பெற்ற பதவி அல்ல, வாக்கைக் காப்பாற்றிப் பெற்ற பதவி.

மதுரை, கைஸ், பீக்கிங்

அந்தக் குடும்பம் அதோடு நிற்கவில்லை. ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மத். பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசர் காஸான் கான், 1297-98 வாக்கில் அவரைத் தம் தூதராகச் சீனப் பேரரசரிடம் அனுப்பினார். முத்தும் மணியும் பட்டாடைகளும் வேட்டைச் சிறுத்தைகளும் கப்பலில் ஏறின. சில ஆண்டுகள் சீனாவில் தங்கித் தூதை நிறைவேற்றித் திரும்பினார். வரும் வழியில், பாண்டிய நாட்டுக் கரையை அடைய இரண்டு நாள் பயணம் இருக்கும்போது 1305-ல் வஃபாத்தானார். சில ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்த தம் சிறிய தந்தை தகிய்யுத்தீனின் கப்ருக்கு அருகிலேயே அடக்கப்பட்டார். பாரசீகத்தின் தூதர், சீனா போய்த் திரும்பி, தமிழ் மண்ணில் உறங்குகிறார்!

அதே காலத்தில் சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் 1281. அந்த ஊரில் அரபுகளின் பள்ளிவாசலும் இருந்தது. ஒரே கடல், ஒரே காற்று, பக்கத்துப் பக்கத்துக் கப்பல்கள்.

நம் ஊரில் என்ன நடந்தது? இராமநாதபுரம் பக்கம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த சோனகர் பள்ளிவாசலுக்கு அரசர் நிலம் கொடுத்த செய்தியை அது சொல்கிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த கொடையைப் பெருமாள் கோயில் கல் பாதுகாத்து வைத்திருக்கிறது! மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமான் குதிரை வியாபாரியாக வருகிறார். அருணகிரிநாதர் முருகனையே 'ராவுத்தன்' என்று விளித்துப் பாடினார். ஒரு சமுதாயம் தான் வணங்கும் தெய்வத்துக்கு நம் குதிரை வீரனின் பெயரைச் சூட்டுகிறது என்றால், அந்தப் பெயருக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்! அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்கு, நம்முடைய மார்க்கம் நமக்கு. ஆனால் மரியாதை இரண்டு பக்கமும் போய் வந்தது.

வைகிங்குகளின் வழி வந்தவர்களும் நம் கரைக்கு வந்தார்கள், தெரியுமா? 1620-ல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். தஞ்சை இரகுநாத நாயக்கர் அவர்களோடு உடன்படிக்கை செய்தார். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதம் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. கடைசியில் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது.

கசப்பான இரண்டு பக்கங்கள்

பெருமை பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். கசப்பான இரண்டு செய்திகளையும் சொல்லியாக வேண்டும்.

ஒன்று: மார்க்கோ போலோ எழுதியது. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. காரணம், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. குதிரை வைத்தியம் தெரிந்த எவரையும் அந்நாட்டுக்கு வராமல் வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் விற்கலாம்! இப்படி எழுதியிருக்கிறார். அவர் வெளிநாட்டுக்காரர், கேள்விப்பட்டதை எழுதினார் என்று நாம் வாதாடலாம். ஆனால் கடைக்காரச் சகோதரரே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வாங்கியவன் பொருள் சீக்கிரம் கெட வேண்டும் என்று நினைக்கிற புத்தி நம் கடைத்தெருவில் இல்லையா? பழுதை மறைத்து விற்பது இல்லையா? அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்கவே குர்ஆனில் ஓர் அத்தியாயம், ஸூரத்துல் முதஃப்பிஃபீன், இறங்கியதை மறந்துவிட்டோமா?

இரண்டு: 1311-ல் மாலிக் காஃபூரின் டில்லிப் படை பாண்டிய நாட்டில் புகுந்து கொள்ளையடித்தது. பாண்டியர் பக்கம் இருந்த முஸ்லிம்களைப் பற்றி அமீர் குஸ்ரூ எழுதுகிறார். கலிமா சொல்லத் தெரிந்ததால் அவர்கள் உயிர் தப்பினார்களாம்! சில ஆண்டுகள் கழித்து, முபாரக் ஷா காலத்தில் (1316-1320) குஸ்ரூ கான் தலைமையில் மறுபடி படை வந்தது. அப்போது தகீ என்ற செல்வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், ஒழுங்காக ஜகாத் கொடுத்தவர், வருவது முஸ்லிம் படைதானே என்று நம்பி ஊரைவிட்டு ஓடாமல் இருந்தார். அந்தத் தளபதி அவருடைய செல்வத்தையெல்லாம் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றும் போட்டான். இதை எழுதியவர் ஜியாவுத்தீன் பர்னீ என்ற முஸ்லிம் வரலாற்றாசிரியர்.

இளைஞர்களே, இந்த இடத்தை ஆழ்ந்து சிந்தியுங்கள். மதுரையில் ஆண்ட முஸ்லிமல்லாத அரசர், கடலில் செத்த குதிரைக்கும் விலை கொடுத்தார். கலிமா சொன்ன தளபதி, ஜகாத் கொடுத்த வியாபாரியின் கழுத்தை அறுத்தான். பெயரை வைத்து மனிதனை எடை போடாதீர்கள். வைகிங் காசைக் குத்திப் பார்த்தானே, அதுபோலக் குத்திப் பார்த்து எடை போடுங்கள். முதலில் உங்களையே அப்படி எடை போடுங்கள்.

நம்முடைய நாலாயிரம் தீனார்

இனி என் கதை. வெட்கத்தோடு சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஓர் ஊரில் கடைத்தெரு தீப்பிடித்து எரிந்தது. நம்மவர் கடையும் போயிற்று, மற்றவர் கடையும் போயிற்று. நான் மறுநாளே போனேன். மேடை போட்டுப் பேசினேன். எரிந்த கடை ஒவ்வொன்றுக்கும், எந்த மதமானாலும், இவ்வளவு தொகை தருவோம் என்று அறிவித்தேன். கைதட்டினார்கள். நான் வசூலை முறையாகக் கவனிக்கவில்லை. அடுத்தடுத்த கூட்டம், அடுத்தடுத்த ஊர். ஆறு மாதம் கழித்து அதே ஊருக்கு வேறு ஒரு நிகழ்ச்சிக்குப் போனேன். மதநல்லிணக்கம் பற்றிப் பேச்சு! கூட்டம் முடிந்ததும், சாம்பிராணி, கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "பாய், நல்லாப் பேசுனீங்க. அன்னைக்கும் நல்லாத்தான் பேசுனீங்க" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. திரும்பி நடந்துவிட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வோல்கா ஆற்றங்கரையில் அந்த அரசர் முன் இப்னு ஃபள்லான் தலை குனிந்து நின்றாரே, அது நான்தான். என்னிடம் கடிதம் இருந்தது, பட்டாடை போன்ற பேச்சு இருந்தது. நாலாயிரம் தீனார் இல்லை. பிறகு வீடு வீடாக அலைந்து, கடன் வாங்கி, அந்தத் தொகையைக் கொடுத்து முடித்தோம். அந்தப் பெரியவர் வாங்கிக்கொண்டார், ரசீதில் கையெழுத்தும் போட்டார். ஆனால் முதல் நாள் அவர் கண்ணில் இருந்த நம்பிக்கையை நான் மறுபடி பார்க்கவில்லை. வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று குர்ஆன் சொல்கிறது. இம்மையிலேயே ஒரு கற்பூரக் கடைக்காரர் அந்த விசாரணையை முடித்துவிட்டார்.

ஆகவே, இந்த முகாமிலிருந்து நீங்கள் இறங்கும்போது மூன்று காரியங்களை எடுத்துச் செல்லுங்கள்.

வியாபாரிகளே! உங்கள் தராசுதான் இந்தச் சமுதாயத்தின் தூதர். நீங்கள் சரியாக நிறுத்தால் நான் பத்து மேடையில் பேச வேண்டியதில்லை. நீங்கள் குறைத்து நிறுத்தால் நான் நூறு மேடையில் பேசியும் பயனில்லை. பொருளில் பழுது இருந்தால் வாய் திறந்து சொல்லிவிட்டு விற்பனை செய்யுங்கள்.

இளைஞர்களே! வாக்களிக்கும் முன் கணக்குப் போடுங்கள். இரத்த தானமோ, நிவாரணமோ, கல்வி உதவியோ, அறிவிப்பதற்கு முன் பணம் பையில் இருக்கட்டும். அறிவித்துவிட்டால் கடன் வாங்கியாவது நிறைவேற்றுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! இகாமத்தில் கருத்து வேறுபாடு இருக்கட்டும், தொழுகை கூடும். ஆனால் வக்ஃபு கணக்கிலும் அனாதைகளின் பங்கிலும் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. அங்கே ஒற்றைக்கு ஒற்றையாகக் கணக்கு எழுதுங்கள்.

நேற்று கேட்ட சகோதரரே! சரித்திரம் சோறு போடாது. ஆனால் நாணயம் போடும். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திர்ஹமில் வெள்ளியின் தரம் குறைந்தது, வரத்தும் சுருங்கியது. வைகிங் என்ன செய்தான்? நம்மோடு சண்டைக்கு வரவில்லை. புகார் கொடுக்கவில்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் வெள்ளி கிடைத்தது. அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டான். நம்பிக்கை இழந்த வாடிக்கையாளர் சத்தம் போடமாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். கற்பூரக் கடைப் பெரியவர் போலத் திரும்பி நடந்துவிடுவார்.

அப்படி ஒருவர்கூட நம்மைவிட்டுத் திரும்பி நடக்காத வாழ்க்கையை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! கையிலிருக்கும் நாணயத்தையும் நெஞ்சிலிருக்கும் நாணயத்தையும் காப்பாற்றும் கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.